சூப் குடிக்காத லான் அக்கா

“என் வாயைப் பாக்காதீங்க, முள்ளைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே தராசின் முகத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்புகிறார் லான் அக்கா. தட்டில் தாமரைக் கிழங்கு. முள் ஒரு கேட்டியைத் தாண்டிக் கொஞ்சம் நடுங்குகிறது. (கேட்டி என்பது எங்கள் சந்தை எடை, அறுநூறு கிராமுக்கு ஒரு சிட்டிகை கூட.) முள் அடங்கி நிற்கும்வரை அவர் கை எதையும் தொடாது. அடங்கியதும் கிழங்கு சிவப்புப் பைக்குள் போகும். கூடவே, கேட்காமலே, இரண்டு தண்டு வெங்காயத் தாள். காய் வாங்கினால் வெங்காயத் தாள் இலவசம் என்பது ஷாம் ஷுய் போ சந்தையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மற்ற கடைகளில் வாடியதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார்கள். லான் அக்கா, வாளித் தண்ணீரில் நிற்கும் பச்சைத் தாளை எடுத்து, ஒருமுறை உதறிவிட்டுக் கொடுப்பார்.

பகல் பன்னிரண்டரைக்கு இதே வேலையை வேறொரு சரக்குக்குச் செய்வார். “மேய், கடையைப் பாத்துக்கடி, வயித்தைக் கழுவிட்டு வந்துர்றேன்” என்று பக்கத்து டோஃபு கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, சந்தை அலுவலகத்தார் ஒழித்துக் கொடுத்திருக்கும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மின்விசிறியை அணைத்து, முகமூடி கட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, வயிற்றிலிருந்து தொங்கும் குழாயைப் பையோடு பூட்டுவார். காலையில் உள்ளே விட்ட தண்ணீர் வடிந்து கீழே கிடக்கும் பைக்குள் இறங்கும். மேலே கொக்கியில் தொங்கும் புதுப் பை உள்ளே இறங்கும். அரை மணி நேர வேலை.

எனக்கும் வயிற்றில் அதே குழாய் உண்டு. ஒரு புயல் நாளில் வீட்டுக்குப் போக முடியாமல், என் பையை மாற்ற அந்த அறையில் இடம் கேட்டு நின்றபோதுதான் அவர் எடை போடுவதைப் பார்த்தேன். வடிந்த பையைக் கொக்கித் தராசில் மாட்டினார். முள் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தராசின் முகத்தைச் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திருப்பினார்.

“யாருக்குக் காட்டறீங்க?” என்றேன்.

“பழக்கம்தான், பேப்பர்க்காரரே. யாரும் பாக்கலேன்னா முள்ளு வேற மாதிரியா நிக்கப் போவுது?”

யிப் குவாய் லான் என்பது அடையாள அட்டையில் உள்ள பெயர். வயது அறுபது. என்னைவிட எட்டு வயது இளையவர், ஆனாலும் சந்தை முழுவதற்கும் அக்கா என்றால் எனக்கும் அக்காதான். குள்ளம். குரல் மட்டும் மீன் கடை வரை எட்டும். விலை சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், காயைப் பார்த்துச் சொல்லுவார். எடை சொல்லும்போது மட்டும் நேராகப் பார்ப்பார். சந்தை வாசலில் வாடிக்கையாளர்கள் எடை சரிபார்த்துக்கொள்ள ஒரு பொதுத் தராசு உண்டு. இருபத்தாறு வருடத்தில் லான் அக்கா கடைப் பையை அதில் வைத்துப் பார்த்துவிட்டு யாரும் சண்டைக்குத் திரும்பி வந்ததில்லை. மாதம் முதல் தேதி தானே ஒரு கேட்டி இஞ்சியை எடுத்துக்கொண்டு போய் அதில் வைத்துப் பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் நோயைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் படுத்துவிட்டால் எங்கள் ஊரில் முதலில் கையில் கொடுப்பது இந்தப் பையைத்தான். உள்ளே இருப்பது சர்க்கரைத் தண்ணீர். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக அந்தச் சர்க்கரை, இரத்தத்தில் மிஞ்சிய தண்ணீரையும் அழுக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு லிட்டர் உள்ளே போனால் இரண்டேகால் லிட்டராவது திரும்ப வர வேண்டும். அந்தக் கால் லிட்டர்தான் எங்கள் மூத்திரம். அது வராவிட்டால் முதலில் கால் வீங்கும், பிறகு மூச்சு வாங்கும், பிறகு ஆம்புலன்ஸ். சர்க்கரை குறைந்த பைக்கு மஞ்சள் மூடி, நடுத்தரத்துக்குப் பச்சை, அதிகத்துக்கு ஆரஞ்சு.

லான் அக்கா வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். பத்தாவது மாடி, ஒரே அறை. மாதாமாதம் வந்து இறங்கும் பைப் பெட்டிகள்தான் அங்கே சோபா, அவைதான் சாப்பாட்டு மேசை. கணவர் கியூங் அவற்றின் மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வைக்கும் சூப்புக்கு அந்த மாடி முழுவதும் மூக்கை நீட்டும். மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்து பன்றி எலும்பும் முற்றிய வெள்ளரியும் கரைந்து வரும் சூப். எங்கள் ஊரில் வீடு என்றால் அடுப்பில் சூப் இருக்கும் இடம் என்று அர்த்தம். மருமகளுக்குப் பிரசவமா, மகனுக்குப் பரீட்சையா, மாமனாருக்கு இருமலா, எல்லாவற்றுக்கும் ஒரு சூப் உண்டு. எந்த இருமலுக்கு எந்தக் காய் என்று கேட்டுத்தான் பாதிப் பேர் லான் அக்கா கடைக்கே வருகிறார்கள். அவரும் சளைக்காமல் சொல்லுவார்.

ஆனால் ஏழு வருடமாக ஒரு வாய் குடித்ததில்லை. சிறுநீரகம் போனவனுக்கு நாளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு உண்டு. சூப்பும் தண்ணீர்தான், உப்போடு சேர்ந்த தண்ணீர். “கியூங் கிண்ணத்துல ஊத்துவாரு. நான் மோந்து பாப்பேன். மோந்து பாத்தா முள்ளு ஏறாது” என்பார்.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். நான் முப்பத்தைந்து வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவன். டயாலிசிஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் தங்கை வீட்டில் மூன்று கிண்ணம் சூப் குடிக்கிறேன். வடிந்த பையின் எடையைத் தினமும் குறிக்க வேண்டிய எடைப் புத்தகத்தை, கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறேன். கையெழுத்து அழகாக இருக்கும். கிளினிக் நர்ஸ் சிஸ்டர் செட்டோ அதைப் புரட்டிப் பார்த்து, “பாருங்க, எல்லாரும் இவரை மாதிரி இருக்கணும்” என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். என் வயிற்றுச் சவ்வு புதுசு. சூப்பையும் சேர்த்து இழுத்துத் தள்ளிவிடுகிறது. அதில் என் பெருமை என்ன இருக்கிறது?

சிஸ்டர் செட்டோவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குழாய் அடைத்துக்கொண்டால் தன் சாப்பாட்டு வேளையை விட்டுவிட்டு வருவார். ஆனால் இருபது வருட அனுபவம் அவருக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது: கால் வீங்கினால் சூப். யாருடைய கால் வீங்கினாலும் கேள்வி ஒன்றுதான். “நேத்து என்ன சூப்?” பத்துக்கு ஒன்பது பேர் தலையைக் குனிவோம். அந்தப் பத்தாவது ஆள் என்று ஒருத்தர் இருக்கக்கூடும் என்பது அவருக்கு மறந்தே போயிற்று.

ஒன்றரை வருடத்துக்கு முன் லான் அக்காவின் பையில் கணக்கு இறங்கத் தொடங்கியது. இரண்டேகால் லிட்டர் வந்த இடத்தில் இரண்டு லிட்டர் நூறு வந்தது. பிறகு வெறும் இரண்டு லிட்டர். பிறகு உள்ளே விட்டதைவிடக் குறைவாக வந்தது. ரப்பர் பூட்ஸ் ஏறாமல் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடையில் நின்றார். கிளினிக்கில் அன்று நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

“நேத்து என்ன சூப், லான் அக்கா?” என்றார் சிஸ்டர், காலை விரலால் அழுத்திப் பார்த்தபடி. விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

“சூப் குடிக்கிறதில்ல, சிஸ்டர்.”

“கடை முழுக்க சூப் காய். வீட்டுல புருசன் சமையல்காரர். குடிக்கிறதில்லையாம்! இதை நான் நம்பணும்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

லான் அக்கா சிரிக்கவில்லை. “சிஸ்டர், நான் காய் விக்கிறவ. எனக்குப் படிப்பு இல்ல, கணக்கு இருக்கு. ரெண்டு லிட்டர் உள்ள விடறேன், ஆயிரத்தெண்ணூறு திரும்பி வருது. சூப் குடிச்சிருந்தா வெளிய கூடத்தானே வரணும்? குறைஞ்சா எப்படி?”

நல்ல கேள்வி. படித்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சிஸ்டர் அதை ஒரே வீச்சில் முடித்தார்: “அப்ப உங்க தராசுல கோளாறு. இல்லேன்னா நீங்க எழுதறதுல.”

லான் அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். திருடி என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சுருங்கியிருக்காது. மறுநாள் பகலில், வடிந்த பையை மேலே ஒரு சிவப்புப் பை, அதற்கு மேல் இன்னொரு சிவப்புப் பை என்று சுற்றிக்கொண்டு சந்தை வாசல் பொதுத் தராசுக்குப் போனார். வெறும் பையின் எடை, இரண்டு சிவப்புப் பைகளின் எடை எல்லாவற்றையும் முன்பே கழித்து வைத்திருந்தார். பொதுத் தராசின் முள் சாமான் அறைத் தராசின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. “இது என்ன அக்கா, நீர்ப்பூசணியா?” என்று மீன்காரன் எட்டிப் பார்த்தான். “என் மானம்டா. எவ்வளவு தேறுதுன்னு பாக்கறேன்” என்றார்.

அடுத்த முறை அதைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மஞ்சள் மூடி போய்ப் பச்சை மூடி வந்தது. கால் வடியவில்லை. பச்சை போய் ஆரஞ்சு வந்தது, நாளுக்கு இரண்டு வீதம். முதல் சில வாரம் கணக்கு ஏறியது. “பாத்தீங்களா, சூப்பை நிறுத்தினதும் சரியாயிடுச்சு” என்றார் சிஸ்டர். பிறகு மறுபடி இறங்கியது. “மறுபடி ஆரம்பிச்சுட்டீங்க.” ஏறினால் நிறுத்திவிட்டாள், இறங்கினால் ஆரம்பித்துவிட்டாள்! இந்த வழக்கில் லான் அக்கா ஜெயிக்க வழியே இல்லை.

கொடுமையிலும் கொடுமை வீட்டில் நடந்தது. கியூங்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை தடவை சொல்கிறார்களே, நெருப்பில்லாமல் புகையுமா என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒருநாள் லான் அக்கா சூப் பானையைத் தேய்க்க எடுத்தபோது உள்பக்கம் பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தான் மருந்துக்கடைக்குப் போகும்போது சூப் எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கான அடையாளம்.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, பீன்ஸுக்கு நுனி கிள்ளிக்கொண்டே. “முப்பத்தேழு வருசம் ஆச்சு. அந்தாளு கப்பல்ல ஆறு மாசம் ஆறு மாசமாப் போவாரு. நான் ஒரு நாள் கோடு போட்டுப் பாத்திருக்கேனா?” கிள்ளிய நுனிகளைக் குப்பைக் கூடையில் போடுவதற்குப் பதில் பீன்ஸை அதில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

“உங்க ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பேசுவது எங்கள் மொழி, எழுதுவது ஆங்கிலம். எழுதப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அடுத்த கிளினிக் நாளில் அவருடைய ஃபைல் அட்டை மேசையில் திறந்து கிடந்தபோது நான் தலைகீழாகவே படித்தேன். அச்சுக்கூடத்தில் பழகிய வித்தை. பதினாறு மாதமாக ஒவ்வொரு வருகைக்கும் ஒரே வரி: சொன்னபடி நடப்பதில்லை, சூப் அருந்துகிறார். அதற்குக் கீழே, வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சவ்வுச் சோதனைக்கான கட்டத்தில், நீர்க் கட்டுப்பாடு வந்த பிறகு பார்க்கலாம் என்ற குறிப்பு. மூன்று வருடமாக அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு எழுத்து தவறாகப் போனதற்காக முதலாளியிடம் வசவு வாங்கியவன் நான். இங்கே ஒரு வரி முழுக்கத் தவறு, அதைப் பதினாறு தடவை பார்த்து எழுதியிருக்கிறார்கள், கேட்க நாதியில்லை. வெளியே வந்ததும் லான் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. “சோதனைன்னா என்ன செய்வாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நாலு மணி நேரம் உக்கார வெச்சு, பையில எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்குன்னு பாப்பாங்க.”

“நாலு மணி நேரம்தானா?” என்றார். “சரி.”

அடுத்த வியாழக்கிழமை லான் அக்கா கடையைத் திறக்கவில்லை. புத்தாண்டைத் தவிர அந்த ஷட்டர் இறங்கிக் கிடந்து நான் பார்த்ததில்லை. காலை எட்டு மணிக்குக் கிளினிக் கதவு திறந்தபோது, கடையில் உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியோடு வாசலில் நின்றார். அன்று எனக்கு முறை இல்லை. இருந்தாலும் போயிருந்தேன். நேரே போய் சிஸ்டர் செட்டோவின் மேசைக்கு எதிரில் முக்காலியைப் போட்டார்.

“இன்னைக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லையே, லான் அக்கா.”

“இல்ல. உங்க கண்ணு முன்னால உக்காரப் போறேன். இப்ப வயித்தைக் காலி பண்ணுங்க, நீங்களே. பச்சைப் பை ஒண்ணு உள்ள விடுங்க, நீங்களே. நாலு மணி நேரம் நான் வாயைத் திறக்க மாட்டேன், பேசறதுக்குத் தவிர. அப்புறம் நீங்களே வடிச்சு உங்க தராசுலயே போடுங்க.”

“இதெல்லாம் இஷ்டத்துக்குச் செய்யற இடம் இல்ல இது.”

“அப்ப போலீஸைக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. காய்கறிக்காரி சூப் குடிக்கலேன்னு ஆஸ்பத்திரியில தகராறு பண்ணாள்னு நாளைக்குப் பேப்பர்ல வரட்டும். பேப்பர்க்காரர் இதோ இருக்காரு.”

என்னைப் பார்த்தார்கள். பிழை திருத்துகிறவன் பத்திரிகைக்காரன் ஆகமாட்டான், அதிலும் ஓய்வு பெற்றவன். ஆனால் அன்று அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. எழுந்து நின்று, இத்தனை நாள் தொண்டையில் இருந்ததைக் கக்கினேன். “சிஸ்டர், சூப் குடிக்கிறவன் நான். வாரா வாரம் மூணு கிண்ணம். புத்தகத்தை பஸ்ல உக்காந்து எழுதறேன்.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். “சும்மா இருங்க சார், அவங்களுக்காகப் பழியைத் தலையில போட்டுக்காதீங்க. உங்க நம்பர்தான் அவ்வளவு நல்லா இருக்கே!”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உண்மையைச் சொன்னவரையும் நம்பவில்லை, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டவனையும் நம்பவில்லை.

புதிதாக வந்திருந்த டாக்டர் மோக் சத்தம் கேட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. லான் அக்காவின் அட்டையை வாங்கி நின்றபடியே புரட்டினார். சோதனைக் கட்டத்தில் அவர் விரல் நின்றது. “மூணு வருசமா?” என்றார் மெதுவாக. பிறகு, “சிஸ்டர், முறையான சோதனையாவே செஞ்சுடலாம். இப்பவே” என்றார்.

நாலு மணி நேரம். லான் அக்கா முக்காலியை விட்டு எழவில்லை. சுவரோரம் தண்ணீர்க் குழாய் இருந்தது, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உதடு வறண்டு வெடித்தது. நடுவில் பையிலிருந்தும் கையிலிருந்தும் சின்னச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டரை மணிக்குப் பழக்க தோஷத்தில், “மேய் கடையைப்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வடித்து முடித்ததும் சிஸ்டர் பையைத் தராசில் மாட்டினார். முள் நின்றது. சிஸ்டர் எழுதிக்கொள்ளக் குனிந்தபோது லான் அக்கா எழுந்து போய்த் தராசின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு லிட்டர் போன வயிற்றிலிருந்து ஆயிரத்து எழுநூற்றைம்பது.

முடிவு சொன்ன நாளில் கியூங்கும் வந்திருந்தார். டாக்டர் மோக் ஒரு தாளில் படம் போட்டார். “இந்தச் சவ்வுல ரத்தக் குழாய் அங்கங்க ஒண்ணு ரெண்டு ஓடும். வருசக்கணக்கா சர்க்கரைத் தண்ணியில ஊறினா சிலருக்குப் புதுசு புதுசாக் குழாய் முளைச்சுடுது. உங்களுக்கு நிறையவே முளைச்சிருக்கு. பையில இருக்கிற சர்க்கரையை அதுங்க ஒரு மணி நேரத்துல குடிச்சுடுது. சர்க்கரை போயிட்டா தண்ணியை இழுக்க ஆள் இல்ல. விட்ட தண்ணியும் உடம்புக்குள்ளயே போயிடுது. சூப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

லான் அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அந்த ஆரஞ்சுப் பை?”

டாக்டர் பேனாவை மூடினார். “அதுல சர்க்கரை அதிகம். அது... இந்த வளர்ச்சிக்கு நல்லதில்ல.”

“களைன்னு தெரியாம உரம் போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு ரெண்டு பை. நேரம் தவறாம, கையைக் கழுவி, நானே” என்றார் லான் அக்கா. “ஏன் டாக்டர், இந்தச் சோதனையைப் பதினாறு மாசத்துக்கு முன்னால செஞ்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?”

டாக்டர் மோக் பொய் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. “தெரிஞ்சிருக்கும்” என்றார்.

யாராவது ஒருவர் சோதித்துப் பார்த்திருந்தால் ஆரஞ்சுப் பை வந்திருக்காது. சொன்ன சொல்லை நம்பியிருந்தால் போதும், படிப்புகூட வேண்டாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதிலும் பயிரின் மேல் பழி போட்டுவிட்டு மேய்ந்த வேலி. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இப்போது நாளுக்கு ஒரு தடவை மாவுச்சத்திலிருந்து செய்த வேறு வகைப் பை. அதைப் புதுக் குழாய்களால் சட்டென்று குடித்துவிட முடியாதாம். மற்ற பைகளைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுகிறார். கால் வடிந்துவிட்டது. பூட்ஸ் ஏறுகிறது. ஆனால் இந்த வயிறு இன்னும் ஒரு வருடமோ இரண்டோதான் தாங்கும் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இரத்தத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். கடைக்கு என்ன கதி என்று நான் கேட்கவில்லை. கியூங் சூப் பானையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கி வந்தார். லான் அக்கா குப்பைத் தொட்டியிலிருந்து பழைய பானையைத் திரும்ப எடுத்து வந்து, அந்தப் பென்சில் கோடு இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் வைத்திருக்கிறார்.

அட்டையில் உள்ள அந்தப் பதினாறு வரிகளை அடிக்கச் சொல்லி லான் அக்கா கேட்டார். “ஃபைல்ல எழுதினதை மாத்த முடியாது, லான் அக்கா. அது விதி. இனிமே சரியா எழுதிக்கலாம்” என்றார் சிஸ்டர் செட்டோ. குரலில் கொஞ்சம் குழைவு இருந்தது. மன்னிப்பு இல்லை. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் எந்த வரியும் திருந்தும். அதை வைத்துத்தான் நான் முப்பத்தைந்து வருடம் சோறு சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். நான் கீரை வாங்கி, வெங்காயத் தாளும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றார்; சீருடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் மாமியார் வீடாம்.

“மாமியாருக்கு இருமல். முத்தின வெள்ளரி ஒண்ணு பாத்துக் குடுங்க, லான் அக்கா” என்றார் சிஸ்டர் செட்டோ.

லான் அக்கா அடுக்கில் இருந்ததில் நல்லதாக, தட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்தார். இருமலுக்கு என்றால் கூட இரண்டு பேரீச்சம்பழம் போட வேண்டும், உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று வழக்கம்போல் சொன்னார். தட்டில் வைத்தார். முள் ஏறி, நடுங்கி, நின்றது. தராசின் முகத்தைத் திருப்பினார்.

“எவ்வளவுன்னு படிங்க, சிஸ்டர்.”

“சரியாத்தான் இருக்கும், அக்கா.”

“படிங்க. சத்தமா.”

டோஃபு கடை மேய் கத்தியை நிறுத்தினாள். சிஸ்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். “ரெண்டரை கேட்டி” என்றார். மீன் கடை வரை கேட்கவில்லை, எங்களுக்குக் கேட்டது.

லான் அக்கா வெள்ளரியைச் சிவப்புப் பைக்குள் போட்டார். காசை வாங்கி, மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். சிஸ்டர் பையின் வாயைத் திறந்தபடி நின்றார், எல்லோரும் நிற்பதுபோல. லான் அக்காவின் கை தானாக வாளிக்குப் போனது. இரண்டு தண்டு வெங்காயத் தாள் எடுத்து, தண்ணீரை ஒருமுறை உதறி, பையைப் பார்த்தார்; மறுபடி அந்த இரண்டையும் வாளிக்குள்ளேயே நிறுத்தி வைத்தார்.